ஏழு நிறுவனங்கள், ஒரே போர்ட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரா நீங்கள்? அதன் பக்கவாட்டில் உள்ள யு.எஸ்.பி. போர்ட்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஒரு நிறுவனத்துடையது. அதில் செருகும் மவுஸ் வேறொரு நிறுவனத்துடையது. பிரிண்டர் மூன்றாவது நிறுவனம். பென் டிரைவில் இருப்பதோ நாம் கேள்விப்படாத பெயர். ஆனாலும் செருகியவுடன் எல்லாம் வேலை செய்கின்றன. செருகினால் வேலை செய்யத்தானே வேண்டும், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. சந்தையில் போட்டி போட்டுக் கொண்டிருந்த நிறுவனங்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தமக்குத் தெரியாததை அடுத்தவரிடம் கற்றுக் கொண்டதால்தான் இந்த வசதி நமக்குக் கிடைத்தது. எப்படிக் கற்றுக் கொண்டார்கள், எங்கே சண்டை போட்டார்கள் என்று பார்ப்போம். அடுத்த முறை கேபிள் வாங்கக் கடைக்குப் போகும்போது இந்தக் கதை உங்களுக்குப் பயன்படும்.

கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம்

நான் கம்ப்யூட்டர் பழகிய 1990களில் கேபினெட்டின் பின்புறம் ஒரு கண்காட்சி போல இருக்கும். கீபோர்டுக்கு வட்டமாக ஒரு துளை. மவுஸுக்கு 9 பின்கள் கொண்ட சீரியல் போர்ட். பிரிண்டருக்கு 25 துளைகள் கொண்ட பேரலல் போர்ட். ஜாய்ஸ்டிக்கிற்கு 15 துளைகளுடன் இன்னொன்று. புதிதாக ஸ்கேனர் வாங்கினால் பிரிண்டர் கேபிளைக் கழற்ற வேண்டும். அல்லது ஸ்கேனரின் முதுகில் பிரிண்டரைக் கோத்துவிட வேண்டும். எதைக் கழற்றி மாட்டுவது என்றாலும் முதலில் கம்ப்யூட்டரை ஆப் செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி கண்ணுக்குத் தெரியாதது. கம்ப்யூட்டரில் இணைக்கப்பட்ட ஒவ்வொரு சாதனமும் பிராசசரின் கவனத்தைத் தன் பக்கம் திருப்ப ஒரு வழி வேண்டும். அதற்கு ஐ.ஆர்.க்யூ. என்று பெயர். பழைய கம்ப்யூட்டர்களில் 0 முதல் 15 வரை 16 எண்கள்தான் உண்டு. கடிகாரம், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக் கொண்ட பிறகு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இதில் முதல் சீரியல் போர்ட்டும் மூன்றாவது சீரியல் போர்ட்டும் வழக்கமாக 4 என்ற ஒரே எண்ணைப் பங்கு போட்டுக் கொள்ளும். முதலாவதில் மவுஸையும் மூன்றாவதில் மோடத்தையும் வைத்தால் போச்சு. இன்டர்நெட் இணைப்புக் கிடைத்த அடுத்த நொடி மவுஸ் அசையாமல் நின்றுவிடும். சென்னை ரிச்சி தெருவில் சவுண்ட் கார்டு வாங்கி வருபவர், அதைப் பொருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கி வைத்த காலம் அது. இன்று புதிதாக வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

தனியாகச் செய்ய முடியாத வேலை

இந்தத் தொல்லையைத் தீர்க்க வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் அஜய் பட். குஜராத்தின் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்து, 1990ல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தவர். தன் வீட்டிலேயே பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடு இந்த எண்ணத்திற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுவரில் உள்ள பிளக் பாயின்ட் போல எதையும் செருகும் ஒரே மாதிரியான போர்ட் வேண்டும் என்பது அவர் யோசனை. இந்த வேலைக்காக 2013ல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது அவருக்கும் பாலா சுதர்சன் கடம்பி உள்ளிட்ட அவரது நான்கு சகாக்களுக்கும் கிடைத்தது.

யோசனை சரி. ஆனால் இன்டெல் மட்டும் இதைச் செய்துவிட முடியுமா? முடியாது. இன்டெலுக்கு சிப் தயாரிக்கத் தெரியும். சாதனத்தைச் செருகியவுடன் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதை எப்படி அடையாளம் கண்டு, அதற்கான டிரைவரைத் தேடி ஏற்றும் என்பது மைக்ரோசாப்ட்டின் வேலை. லட்சக்கணக்கில் கம்ப்யூட்டர் தயாரித்து விற்கும்போது எந்தக் கனெக்டர் தாங்கும், எது உடையும், எவ்வளவு விலை கட்டுப்படியாகும் என்பது காம்பேக், ஐ.பி.எம்., டிஜிட்டல் எக்விப்மென்ட் போன்றவர்களுக்குத்தான் அத்துப்படி. ஜப்பானிய நிறுவனமான என்.இ.சி.யிடம் கம்ப்யூட்டர், மானிட்டர், சிப் என மூன்றிலும் அனுபவம் இருந்தது. ஏழாவதாக வந்தது கனடாவின் நார்டெல். 1994ல் இந்த ஏழு நிறுவனங்களும் கைகோத்தன. யு.எஸ்.பி.யின் முதல் முழு வரையறை, அதாவது 1.0 பதிப்பு, 1996 ஜனவரியில் வெளியானது.

நார்டெல் தொலைபேசிக் கருவிகள் செய்த நிறுவனம். அதற்கு இங்கே என்ன வேலை? இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். பழைய யு.எஸ்.பி. வரையறை ஆவணத்தைத் திறந்தால், ஏன் இதை உருவாக்கினோம் என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கும். அதில் ஒன்று கம்ப்யூட்டரையும் தொலைபேசியையும் இணைப்பது. இரண்டும் ஒன்று சேரப் போகின்றன என்று அப்போதே எதிர்பார்த்தார்கள்.

தொலைபேசிக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பைல் என்றால் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, ஒரு எழுத்துக்கூடப் பிசகக் கூடாது. குரல் அப்படி இல்லை. இங்கும் அங்கும் ஒரு துளி விடுபட்டால் காது கண்டுகொள்ளாது. ஆனால் நேரத்திற்கு வந்து சேர வேண்டும். தாமதமாக வரும் குரலால் பயன் இல்லை. டிஜிட்டல் தொலைபேசியில் குரலை ஒரு நொடிக்கு 8,000 முறை அளவெடுப்பார்கள். அந்தத் தாளம் தப்பக் கூடாது. இந்த அறிவு யு.எஸ்.பி.க்குள் அப்படியே இருக்கிறது. மவுஸ் அசைவுக்கு ஒரு வகை, பைலை அனுப்ப ஒரு வகை, சாதனத்தை அடையாளம் கேட்க ஒரு வகை என்பதோடு, குரலுக்கும் படத்துக்கும் நேரம் தவறாத தனி வகைப் பரிமாற்றம் ஒன்றும் அதில் உண்டு. நீங்கள் யு.எஸ்.பி. ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே பென் டிரைவில் பைல் காப்பி செய்கிறீர்கள் அல்லவா? பாட்டு திக்காமல் வருவதற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம். சிப் தயாரிப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதியிருந்தால் வேகத்தைப் பற்றியே யோசித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

கற்றுக் கொண்டதில் நமக்குப் பிடிக்காத பாடமும் ஒன்று உண்டு. விலை. கம்ப்யூட்டர் தயாரிப்பவர் ஒரு போர்ட்டுக்குச் சில காசுகள் கூடினாலும் முகம் சுளிப்பார். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்றால் கூடுதல் ஒயர்களும் சர்க்யூட்டும் தேவை. செலவு ஏறும். அதனால்தான் அதை விட்டுவிட்டார்கள் என்று அஜய் பட்டே சொல்லியிருக்கிறார். ஒரு தடவை செருகி, போகாமல், திருப்பிச் செருகி, அதுவும் போகாமல், மறுபடி முதல் பக்கமே திருப்பி... அந்த நாடகத்திற்குக் காரணம் இதுதான். 2014ல் டைப் சி வந்துதான் அது தீர்ந்தது.

செருகிப் பார்க்கும் திருவிழா

ஏழு பேர் கூடி ஆவணம் எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அங்கேதான் ஆரம்பம்.

நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள ஆவணத்தை இரண்டு நிறுவனங்கள் படித்தால் ஒரே வரியை இரண்டு விதமாகப் புரிந்து கொள்ளும். இருவரும் தாங்கள் செய்ததுதான் சரி என்று நினைப்பார்கள். இருவருடைய சாதனங்களும் தங்கள் தங்கள் ஆய்வகத்தில் ஒழுங்காக வேலை செய்யும். ஒன்றோடு ஒன்றை இணைத்தால் மட்டும் மக்கர் செய்யும். இதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அடுத்தவர் சாதனம் வேண்டும். அதைச் செய்த பொறியாளரும் பக்கத்தில் வேண்டும்.

இதற்காக நடப்பதுதான் பிளக்ஃபெஸ்ட். 1995ல் தொடங்கப்பட்ட யு.எஸ்.பி. இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு இத்தகைய கூட்டங்களை நடத்துகிறது. இங்கே வருபவர்கள் தங்கள் சாதனங்களை மூட்டை கட்டிக் கொண்டு வருவார்கள். கம்ப்யூட்டர் தயாரிப்பவர் அறையில் காத்திருப்பார். மவுஸ், கேமரா, ஹப் தயாரிப்பவர்கள் நேரம் குறித்துக் கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்ச் செருகிப் பார்ப்பார்கள். வேலை செய்யவில்லை என்றால் இரண்டு போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே கருவித் திரையைப் பார்த்தபடி, பிழை உன்னுடையதா என்னுடையதா என்று பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டும். அங்கே யாருடைய சாதனம் தோற்றது என்பதை வெளியே சொல்லக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் எந்த நிறுவனமும் முழுமையடையாத தன் சாதனத்தைப் போட்டியாளரிடம் காட்டத் துணியாது.

யு.எஸ்.பி. சோதனைகளில் தங்க மரம் என்று ஒன்று உண்டு. தங்கமும் இல்லை, மரமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் ஹப்புக்குள் ஹப்பாக அடுக்கி, அவற்றில் கேமரா, மவுஸ் போன்ற பல சாதனங்களை மாட்டி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். சோதிக்க வேண்டிய புதிய சாதனத்தை இந்தக் கூட்டத்தின் நடுவே செருகுவார்கள். அது தான் வேலை செய்தால் மட்டும் போதாது, மற்றவற்றைத் தொந்தரவு செய்யாமலும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரைத் தூங்க வைத்து எழுப்பினால் அதுவும் விழித்துக் கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பெண் கொடுப்பது போலத்தான்.

இதே போல ஒரே தொழிலில் உள்ள நிறுவனங்கள் தனிக் குழுக்களாகக் கூடி, சாதனங்களை வகை பிரித்தன. எல்லா மவுஸும் கீபோர்டும் ஒரே மொழியில் பேச வேண்டும், எல்லா டிரைவ்களும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நீங்கள் புது மவுஸ் செருகும்போது சி.டி. எதுவும் கேட்காமல் விண்டோஸ் அதை ஏற்றுக் கொள்வது இதனால்தான். 2000ஆம் ஆண்டில் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மானம் போகாமல் இல்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர் விண்டோஸ் 98ன் பெருமையை விளக்கினார். யு.எஸ்.பி. ஸ்கேனரைச் செருகினார். திரை முழுவதும் நீலமாகி கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அரங்கமே சிரித்தது. இதனால்தான் இன்னும் இதை விற்பனைக்கு அனுப்பவில்லை போலும் என்று கேட்ஸ் சமாளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய சீரியல், பேரலல் வகை போர்ட்டுகளை ஓரங்கட்டி, யு.எஸ்.பி.யை முன்னிறுத்தி ஐமேக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது ஆப்பிள். அது ஏழு நிறுவனங்களில் ஒன்றுகூட இல்லை!

நண்பர்களுக்குள் சண்டை

ஒன்றாக உட்கார்ந்தவர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போர்ட்டும் கேபிளும் பொதுவாகிவிட்டன. ஆனால் கம்ப்யூட்டருக்குள் அந்த போர்ட்டை இயக்கும் கன்ட்ரோலர் பகுதிக்கு இன்டெல் ஒரு வரையறை வைத்தது. காம்பேக், மைக்ரோசாப்ட், நேஷனல் செமிகண்டக்டர் மூன்றும் சேர்ந்து இன்னொரு வரையறை வைத்தன. ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுபவர்கள் ஒரே வேலைக்கு இரண்டு டிரைவர் எழுத வேண்டியதாயிற்று. சாதனம் தயாரித்தவர்கள் இரண்டிலும் சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 2000 ஏப்ரலில் நொடிக்கு 480 மெகாபிட் வேகத்துடன் யு.எஸ்.பி. 2.0 வந்தபோது, அந்த வேகத்திற்கு ஒரே ஒரு கன்ட்ரோலர் வரையறைதான் செய்தார்கள். பட்ட அனுபவம் பேசியது.

பழைய வியாதி 2008ல் மறுபடி தலைகாட்டியது. யு.எஸ்.பி. 3.0க்கான கன்ட்ரோலர் விவரங்களை இன்டெல் தன்னிடமே வைத்துக் கொண்டு தாமதம் செய்கிறது என்று ஏ.எம்.டி., என்விடியா தரப்பில் புகார் கிளம்பியது. நாங்களே தனியாக ஒன்று செய்து கொள்கிறோம் என்ற பேச்சும் எழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் வரைவை வெளியிட்டது. இதன் முடிவை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸ் 10 அல்லது 11ல் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து கொள்ளுங்கள். கடைசியில் யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் என்ற பிரிவு இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியில் கிளிக் செய்தால் எக்ஸ்டென்சிபிள் ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்று ஒரு வரி தெரியும். இன்டெல் பிராசசர் உள்ள கம்ப்யூட்டரிலும் அதே பெயர், ஏ.எம்.டி. பிராசசர் உள்ள கம்ப்யூட்டரிலும் அதே பெயர். எதையும் மாற்றாமல் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

பயர்வயர் என்ற இன்னொரு போர்ட் என்ன ஆனது என்று சில மூத்த வாசகர்கள் கேட்கலாம். ஆப்பிள் முன்னின்று உருவாக்கிய அது 1990களில் யு.எஸ்.பி.யைவிடப் பல மடங்கு வேகமானது. வீடியோ கேமராக்காரர்களுக்கு அதுதான் உயிர். தொழில்நுட்பத்தில் அதுவே மேல் என்பேன். ஆனால் ஒரு போர்ட்டுக்கு 1 டாலர் ராயல்டி என்று ஆப்பிள் கேட்டது. பிறகு குறைத்தது, ஆனாலும் காலம் கடந்துவிட்டது. யு.எஸ்.பி. நிறுவனங்களோ தேவையான காப்புரிமைகளுக்குக் காசு கேட்பதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருந்தன. பத்து ரூபாய் மவுஸ் சிப் செய்பவர் எந்தப் பக்கம் போவார்?

மேஜைக்கு வராதவர் செய்த கேபிள்

டைப் சி வந்த புதிதில் நடந்தது இது. கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியுங், அமேசானில் விற்கப்பட்ட டைப் சி கேபிள்களைத் தன் சொந்த முயற்சியில் ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, எது சரி, எது தப்பு என்று எழுதி வந்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளைச் செருகியபோது அவருடைய லேப்டாப்பும் சோதனைக் கருவிகளும் பழுதாகிவிட்டன. பிரித்துப் பார்த்தால், கேபிளுக்குள் மின்சாரம் வரும் ஒயரும் எர்த் ஒயரும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. இருக்க வேண்டிய ரெசிஸ்டரும் தவறான அளவில் இருந்தது. அடுத்த மாதமே வரையறைக்கு உட்படாத டைப் சி கேபிள்களை விற்கத் தடை விதித்தது அமேசான்.

வரையறை ஆவணத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். அந்தக் கேபிளைச் செய்தவருக்கும் அது கிடைத்திருக்கும். ஆனால் சோதனைக் கூட்டங்களுக்கு ஒரு முறை எடுத்துச் சென்று செருகிப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டிருக்கும்.

கூட்டாக வேலை செய்வதால் வரும் ஒரு கோளாறையும் சொல்லியாக வேண்டும். பெயர் வைப்பது. 2008ல் வந்த யு.எஸ்.பி. 3.0க்குப் பிறகு யு.எஸ்.பி. 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம் யு.எஸ்.பி. 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒரே வேகம்! பழைய சரக்குக்கும் புதுப் பெயர் கிடைத்தது. விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்குக் குழப்பம். 2022ல்தான் வேகத்தையே பெயராக எழுதுங்கள் என்று அந்த அமைப்பு வழிக்கு வந்தது. எனவே அட்டைப் பெட்டியில் 3 புள்ளி எத்தனை என்று தேடாதீர்கள். 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ், 20 ஜிபிபிஎஸ் என்று வேகம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டைப் சி கேபிள் என்றால் 60 வாட் அல்லது 240 வாட் என்ற குறியீடும் இருக்க வேண்டும். லேப்டாப்பைச் சார்ஜ் செய்ய அது முக்கியம்.

இன்னொன்று. போனுடன் வரும் டைப் சி கேபிள்களில் பல, சார்ஜ் செய்ய நன்றாக இருந்தாலும் பைல் அனுப்புவதில் 2000ஆம் ஆண்டின் 480 மெகாபிட் வேகத்தைத் தாண்டாது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வெளியே வைத்துப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.டி. டிரைவ் உங்களிடம் இருந்தால் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். அதன் சொந்தக் கேபிளில் ஒரு பெரிய வீடியோ பைலைக் காப்பி செய்து, வேகத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு வீட்டில் கிடக்கும் மற்றக் கேபிள்களில் ஒவ்வொன்றாக அதே போர்ட்டில் அதே பைலைக் காப்பி செய்து பாருங்கள். நொடிக்கு 40 மெகாபைட் பக்கத்திலேயே தவழ்ந்து கொண்டிருந்தால் அது பழைய வேகக் கேபிள். தூக்கிப் போட வேண்டாம், சார்ஜ் செய்ய வைத்துக் கொள்ளுங்கள். ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.